ஈரக் கட்டைவிரல்

பனிச்சறுக்குக் கையுறை வாங்க வருகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், தையலை இழுத்துப் பார்ப்பார்கள், விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். கட்டைவிரலின் முதுகில் ஏன் துவாலைத் துணி வைத்துத் தைத்திருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை. அது மூக்கைத் துடைக்க. பழைய கையுறையாக இருந்தால், கேட்காமல் இருப்பதே வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நல்லது.

நார்வேயில், ட்ரம்மென் நகரத்து ஆற்றுப் பாலத்தை ஒட்டி என் கடை. பழைய சறுக்குப் பலகை, பழைய ஊன்றுகம்பு, முன்பு போட்டிருந்தவரின் பாதத்தை இன்னும் மறக்காத பழைய காலணி எல்லாம் கிடைக்கும். அப்பா காலத்திலிருந்தே இந்த வியாபாரம்தான். இதில் நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. ஆள் எதைக் கையில் எடுத்துத் தடவிப் பார்க்கிறானோ அதை வாங்க மாட்டான். எதைப் பார்க்காததுபோலத் திரும்பத் திரும்பத் தாண்டிப் போகிறானோ, அதற்குத்தான் வந்திருக்கிறான்.

தோர்கைர் அப்படித்தான் யோருனைப் பற்றிப் பேசாமல் இருந்தான்.

பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு நண்பன். நகரப் பேருந்து ஓட்டுகிறான். மனைவி பிரிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே பிரிந்தார்கள். எங்கள் ஊரில் அது சண்டையைவிட மோசம். குளிர்காலத்தில் ஞாயிறு தவறாமல் நாங்கள் இருவரும் காட்டுப் பாதையில் சறுக்கி மேலே இருக்கும் விடுதிக்குப் போவோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாதவனை இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். காட்டுக்குப் போகாதவனைத் திங்கட்கிழமை ஊரே விசாரிக்கும்.

விடுதியில் இரும்பு அடுப்பு, கறுப்புக் காப்பி, இரும்பு அச்சில் வார்த்துச் சுடுகிற இனிப்பு வாஃபிள். வாஃபிள் சுடுவது யோருன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இறந்த பிறகு விடுதியைத் தனியாக எடுத்து நடத்துகிறாள். மாவில் ஏலக்காயை அவள் மாதிரி தாராளமாகத் தட்டிப்போடுகிறவர்கள் இந்த மாவட்டத்தில் இல்லை. கடைசி மேட்டில் ஏறும்போதே வாசனை வந்து கையைப் பிடித்து இழுக்கும்.

பாதையில் மூக்கு ஒழுகுவது யாருக்கும் வெட்கமில்லை. ஒரு துளையை விரலால் அடைத்து மறு துளையைப் பனியில் காலி செய்துவிட்டு, எதிரே வருகிறவருக்கு வணக்கம் சொல்லலாம். அவரும் அதைத்தான் முடித்துவிட்டு வந்திருப்பார். நீதிபதிக்கும் பாதிரியாருக்கும் பாதையில் ஒரே மூக்குதான். ஆனால் விடுதிக் கதவைத் தாண்டினால் நாகரிகம் ஆரம்பமாகிவிடும். தோர்கைருக்குத் தும்மலும் அங்கேதான் ஆரம்பமாகும்.

சாதாரணத் தும்மல் இல்லை. முதலில் மூக்குக்குள் யாரோ கம்பளி நூலை விட்டு இழுப்பதுபோல முகம் கோணும். கண்ணில் நீர் கட்டும். பிறகு வெடி. அடுக்கடுக்காக வரும். நடுவில் ஒருமுறை நின்று எல்லோரையும் ஏமாற்றிவிட்டு மறுபடி வரும். வரிசையில் நிற்பவர்கள் முதலில் "ப்ரோசிட்!" என்று உற்சாகமாக வாழ்த்துவார்கள். அப்புறம் மரியாதைக்குச் சொல்வார்கள். அப்புறம் கூரையைப் பார்ப்பார்கள்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் அவன் துணிந்துவிட்டான். கவுன்டருக்கு முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினான்.

"யோருன், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இந்த ஈஸ்டருக்கு நீங்க..."

அவ்வளவுதான். முகம் கோணியது. யோருன் வாஃபிள் தட்டைச் சட்டென்று பின்னால் இழுத்து ஏப்ரனால் மூடினாள். அவன் தும்மி முடித்துக் கண்ணைத் துடைத்தபோது வரிசை வாசல்வரை நீண்டிருந்தது.

"ஈஸ்டருக்கு?" என்றாள்.

"ஈஸ்டருக்கு... திறந்திருப்பீங்களான்னு."

"மூடியிருப்போம்."

"அப்ப சரி. ஒரு வாஃபிள்."

தோர்கைருக்கு மலையில் ஒரு சின்ன மரவீடு உண்டு. மின்சாரம் இல்லை. கழிப்பறை இருபதடி தள்ளிப் பனிக்குள். ஈஸ்டர் வாரத்துக்கு ஒரு பெண்ணை அப்படிப்பட்ட மலைவீட்டுக்கு அழைப்பது எங்கள் பக்கத்தில் லேசான காரியமில்லை. மோதிரத்தைக்கூட இதைவிடச் சுலபமாக நீட்டிவிடலாம். மோதிரத்துக்கு விறகு வெட்ட வேண்டியதில்லை.

திரும்பி வரும்போது சொன்னேன். "டேய், ஈஸ்டர் வரைக்கும் அந்தம்மா சும்மா இருக்காது. அவங்க அக்கா வெயில் காயக் கனாரித் தீவுக்குக் கூப்பிடுறாளாம். மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"உனக்கு யார் சொன்னா?"

"ரெய்டுன் பாட்டி. டிக்கெட் எந்த ஜன்னல் பக்கம்னுகூடச் சொல்லிச்சு."

ரெய்டுன் எண்பதைத் தாண்டியவள். முன்பு ஊரில் தபால் கொண்டுபோய்க் கொடுத்தவள். இப்போது தபால் இல்லாமலே கொண்டுபோய்க் கொடுக்கிறாள். இன்றும் எங்களுக்கு முன்னால் விடுதிக்கு வந்து அடுப்போர நாற்காலியைப் பிடித்துவிடுவாள்.

தோர்கைர் மருத்துவரிடம் போனான். அவர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார், கையில் ஊசி குத்திச் சோதித்தார். பூவும் இல்லை, பூனையும் இல்லை, எந்த ஒவ்வாமையும் இல்லை என்றார். குளிர்ந்த காற்றை வேகவேகமாக இழுத்து உழைத்தால் சிலருடைய மூக்கு இப்படிக் கோபித்துக்கொள்ளுமாம். ஆபத்து ஒன்றும் கிடையாது. கிளம்புவதற்கு முன்னால் மூக்கில் அடித்துக்கொள்ள ஒரு மருந்து கொடுத்தார்.

அந்தக் குப்பியைக் கொண்டுவந்து என் கடை மேசைமேல் வைத்துவிட்டு, அதைத் திருட்டுப்பொருள்போலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது சட்டப்படி சரியா?"

"எது?"

"ஊக்கமருந்துப் பட்டியல்ல இருக்கான்னு கேக்கறேன். மார்ச்ல மூத்தோர் சறுக்குப் பந்தயத்துக்குப் பேர் குடுத்திருக்கேனே."

அந்தப் பந்தயத்தில் போன ஆண்டு அவன் கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களில் ஒருவர் வழியில் நின்று சூப் குடித்துவிட்டு வந்தவர்.

"தோர்கைர், உன்ன சோதிக்க எவனாவது வருவான்னு நினைக்கிறியா?"

"வரமாட்டான்கிறதுக்காக அடிச்சுக்கலாமா?"

"பட்டியல்ல இல்லைன்னு டாக்டரே சொல்லியிருப்பாரே."

"சொன்னாரு. இருந்தாலும் மத்தவன் மூக்கு ஒழுகிக்கிட்டு ஏறுறான். நான் மட்டும் காய்ஞ்ச மூக்கோட ஏறினா அது ஏமாத்துதானடா."

வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவனிடம் வந்து இதைச் சொல்கிறான். குப்பியை அவன் பையில் போட்டு அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு விடுதியில் ஒரு கலவரம். வாஃபிளில் ஏலக்காய் இல்லை.

"ஏம்மா யோருன்," என்று ரெய்டுன் தட்டைத் தள்ளி வைத்தாள், "இது என்ன, தபால் உறையா? நாக்குல ஒட்டுது, ருசி இல்ல."

"செய்முறைய மாத்தியிருக்கேன் பாட்டி."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா மாத்துறதுக்கு இது என்ன திரைச்சீலையா? நான் இந்த மேட்ட ஏறி வர்றது உன் முகத்தப் பாக்கவா?"

யோருன் மாவைக் கலக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் தோர்கைரைப் பார்த்தாள். அவன் வழக்கம்போலத் தும்மிக்கொண்டிருந்தான். அவள் முகம் கொஞ்சம் விழுந்தது. சன்னல் பக்கம் போய் அங்கிருந்த பூந்தொட்டியையும் எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே போனாள்.

தோர்கைர் வாஃபிளை மெல்ல முடியாமல் மென்றான். "பாத்தியா? மனசு இங்க இல்ல. ஏலக்காயே மறந்துபோச்சு. பாதி கனாரித் தீவுக்குப் போய்ச் சேந்துட்டாங்க."

சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு அவன் என்னோடு வரவில்லை. "நீ முன்னால போ, நான் மெதுவா வர்றேன்" என்று தகவல் அனுப்பினான். நான் தனியாகக் கிளம்பினேன். குளத்தங்கரையில் ஒரு பெரிய ஊசியிலை மரம் பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. எல்லோரும் பலகையைக் கழற்றி, கிளைகளுக்குள் நுழைந்து, தொப்பியில் ஊசியிலையோடு மறுபக்கம் வந்தோம். விடுதியில் அன்று அதைத் தவிர வேறு பேச்சு இல்லை. ரெய்டுன் மரத்துக்கு அடியில் ஊர்ந்து வந்த கதையை மூன்றாம் தடவை சொல்லிக்கொண்டிருந்தபோது தோர்கைர் உள்ளே வந்தான்.

வந்தான், நின்றான், தும்மவில்லை.

நான் அவனை மேலிருந்து கீழே பார்த்தேன். புருவத்தில் உறைபனி இல்லை. கன்னம் சிவக்கவில்லை. மூச்சு, பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறவன் மூச்சு. விடுதிக்குப் பின்பக்கம் ஒரு கார் நிறுத்தம் உண்டு. கைக்குழந்தைக்காரர்களுக்கும் கால் உடைந்தவர்களுக்குமானது. வேறு யாராவது அங்கே காரை நிறுத்தினால், விடுதிக்குள் அவர்களுக்கும் வாஃபிள் கொடுப்பார்கள். ஆனால் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

யோருனின் முகம் மலர்ந்துவிட்டது. "தும்மலே காணோமே!"

"ஆமா," என்றான் அவன். அவனுக்கும் ஆச்சரியம்தான். கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான். "யோருன், நான் கேக்க வந்தது..."

"கேளுங்க, ஆனா முதல்ல கையுறையக் குடுங்க, காயட்டும்."

விடுதியில் அது அவள் வழக்கம். வருகிறவர்களின் ஈரக் கையுறையை வாங்கி அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் மாட்டுவாள். கட்டைவிரல் நுனியைப் பிடித்துத்தான் மாட்டுவாள். மூக்கு துடைத்த அந்த இடத்தை எப்படித் தொடுகிறாள் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். அன்று அவன் கையுறையின் கட்டைவிரலைப் பிடித்தவள் அப்படியே நின்றாள். விரலால் தடவினாள். துவாலைத் துணி சலவையில் வந்ததுபோலக் காய்ந்திருந்தது.

திரும்பாமலே கேட்டாள். "மரத்த எப்படித் தாண்டினீங்க?"

"எந்த மரம்?" என்றான் தோர்கைர்.

விடுதியே கரண்டியைக் கீழே வைத்தது.

ரெய்டுன்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஐயையோ! கார்ல வந்திருக்கான்!"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. ஒருவர் தன் பையை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டார். தோர்கைர் யோருனைப் பார்த்தான். அவள் கையுறையைக் கொடியில் மாட்டவில்லை. இரண்டையும் சேர்த்து மடித்து அவன் கையில் கொடுத்தாள்.

"இதக் காயவைக்க வேண்டியதில்ல," என்றாள்.

அவன் போய்விட்டான். நான் எழுந்து பின்னால் போவதற்குள் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. காட்டுக்குள் அந்தச் சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

காலி கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது யோருன் மெல்லக் கேட்டாள். "ஆர்வே, உங்க நண்பருக்கு உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல."

"அப்புறம் ஏன்? இங்க வர்றதுக்கு அவ்வளவு சலிப்பாயிடுச்சா? வாஃபிள் வேணும், பாதை வேண்டாமா?" கோப்பையைத் தண்ணீரில் போட்டாள். "எவ்வளவு முட்டாள் நான். அவருக்கு ஏலக்காய்தான் ஒத்துக்கலைன்னு நினைச்சேன். எடுத்துட்டேன். ஊரே திட்டுது. அந்தச் செவ்வந்திப் பூவயும் வெளிய வச்சேன், செத்துப்போச்சு."

உண்மையைச் சொல்லிவிட ஒரு நொடி போதும். ஆனால் அடுத்தவன் சரக்கை அவன் இல்லாதபோது விற்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. "அவனையே வந்து பேசச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

அன்று மாலையே அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான், ஒரு ஆளுக்குத் தேவையானதைவிட அதிகமாக.

"மூக்குல மருந்தடிச்சா ஏமாத்து. கார்ல வந்தா?"

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா?"

"ஒரே ஒரு வாக்கியம்டா ஆர்வே. தும்மாம ஒரு வாக்கியம் சொல்லிட்டா போதும்னு பட்டுச்சு."

"ஏலக்காய் உனக்காக எடுத்தது."

கத்தி நின்றது.

"உனக்கு ஒத்துக்கலைன்னு நினைச்சு எடுத்திருக்காங்க. ரெய்டுன் பாட்டிகிட்ட வாரா வாரம் திட்டு வாங்கியிருக்காங்க, வாயத் திறக்காம. பூந்தொட்டிகூட உன்னாலதான் செத்துச்சு."

அவன் உரித்து முடித்த உருளைக்கிழங்கையே மறுபடி உரிக்கத் தொடங்கினான். யாரும் தனக்காக எதையும் மாவிலிருந்து எடுத்ததில்லை என்கிற முகம்.

மார்ச்சின் கடைசி ஞாயிறு. கடுங்குளிர். பனி பலகைக்கடியில் கண்ணாடித்தூள்போலக் கிரீச்சிட்டது. கிளம்பும்போது சொன்னேன். "குப்பி பையில இருக்கா? இன்னைக்கு ஒரு நாளாவது அடிச்சுத் தொலைடா. இன்னைக்குப் பந்தயம் இல்ல."

"இருக்கு. அடிக்கமாட்டேன். போன தடவ காய்ஞ்ச மூக்கோட போய் நின்னேன். இந்தத் தடவ அவங்க கையில ஈரமா குடுக்கணும்."

குறுக்குவழியை விட்டு, குளத்தைச் சுற்றிப் போகும் நீண்ட பாதையில் ஏறினான். நான் பின்னால் திணறினேன். மரத்தை வெட்டி ஒதுக்கியிருந்தார்கள். அவன் மூக்கிலிருந்து நீர் கொட்டியது. கட்டைவிரலால் துடைத்தான், துணி விறைத்து ஐஸாகியது, மறு கையால் துடைத்தான். மேட்டுக்கு வந்தபோது மீசை வெள்ளையாக உறைந்திருந்தது.

கதவைத் திறந்தோம். வெப்பம் முகத்தில் அடித்தது. வரிசை நீளம். அவனைப் பார்த்ததும் பேச்சு தணிந்தது. எல்லோருக்கும் போன வாரம் நினைவிருந்தது. அவன் தன் முறைக்கு நின்றான். முறை வந்தபோது இரண்டு கையுறையையும் கழற்றி, கட்டைவிரல் மேலே தெரியும்படி கவுன்டரில் வைத்தான்.

யோருன் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் அவள் விரலில் உருகியது.

"யோருன், நான் போன வாரம்..." முகம் கோணியது. அவன் வாயை மூடினான், மூக்கைப் பிடித்தான், பயனில்லை. வெடித்தது. மறுபடியும். கண்ணில் நீர் வழிந்தது. "கார்ல வந்தது... ஹச்! ...தும்மக்கூடாதுன்னு... உங்க ஏலக்காய் இல்ல... ஹச்! ...குளிர்ல மூச்சுவாங்கினா என் மூக்கு... பூவும் இல்ல..."

வரிசை எனக்குப் பின்னால் வாசலைத் தாண்டியிருந்தது. திறந்த கதவு வழியாகக் குளிர் உள்ளே வந்தது. இங்கே வரிசையைத் தாமதப்படுத்துகிறவனைவிடத் திருடனைக்கூடச் சீக்கிரம் மன்னிப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். யோருன் கரண்டியைக் கீழே வைத்தாள். வாஃபிள் இரும்பை மூடி, மின்சாரத்தை அணைத்தாள். ஏப்ரனில் கை துடைத்துக்கொண்டு அவனுக்கு நேர் எதிரே நின்றாள்.

"மெதுவா," என்றாள். "முழுசா தும்மிட்டுச் சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

அவள் தட்டை மூடவில்லை. முகத்தைத் திருப்பவில்லை. கூரையைப் பார்க்கவில்லை.

பின்னாலிருந்து ஒருவர் பொறுமையிழந்து தொண்டையைக் கனைத்தார். ரெய்டுன் நாற்காலியிலிருந்தே அதட்டினாள். "என்னய்யா அவசரம்? வாஃபிள்ல ஏலக்காய்தான் இல்லையே. நில்லு."

தும்மல் ஒருமுறை நின்று ஏமாற்றியது, மறுபடி வந்தது, பிறகு உண்மையாகவே நின்றது. தோர்கைர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். மூக்கு சிவந்து விளக்குபோல இருந்தது. ஒரு ஆண்பிள்ளை ஒரு பெண்ணிடம் எதையும் கேட்பதற்குத் தகுதியில்லாத கோலம்.

"ஈஸ்டருக்கு என் மலைவீட்டுக்கு வர்றீங்களா?"

யோருன் உடனே சரி என்று சொல்லவில்லை. நல்ல வியாபாரி யாரும் சொல்வதில்லை.

"எப்படிப் போறது?"

"கடைசி ரோட்டுலேந்து பலகையிலதான். மேடு. ரெண்டு மணி நேரம்."

"கார் போகாதா?"

"போகாது."

"நல்லது." அவள் உதட்டோரம் நெளிந்தது. "அங்க வாஃபிள் இரும்பு இருக்கா?"

"அடுப்பு மேல வச்சுத் திருப்புற பழைய இரும்பு. துரு கொஞ்சம் இருக்கும்."

"துருவத் தேய்ச்சு வைங்க. ஏலக்காய நான் கொண்டு வர்றேன்."

அவள் அவன் கையுறைகளை எடுத்துக் கட்டைவிரல் நுனியைப் பிடித்துக் கொடியில் மாட்டினாள். இரும்பை மறுபடி சூடாக்கினாள். அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை இறக்கி, உரலில் கொட்டி இடிக்கத் தொடங்கினாள். வரிசையில் எல்லோரும் வாசனைக்கு மூக்கைத் தூக்கினார்கள்.

"ப்ரோசிட்," என்றாள் ரெய்டுன், தாமதமாக.

அக்கா கனாரித் தீவுக்குத் தனியாகப் போய்த் தோல் உரிந்து திரும்பினாள். தோர்கைர் பந்தயத்துக்கு இன்றும் மருந்து அடிப்பதில்லை, இன்றும் கடைசிப் பக்கம்தான். மலைவீட்டுக்குப் போகும்போது மட்டும் யோருன் குப்பியை எடுத்துக் கொடுத்தால் அடித்துக்கொள்கிறானாம். அங்கே யாரும் நேரம் குறிப்பதில்லை என்று சமாதானம் சொல்கிறான். சில நாள் அவளும் எடுத்துக் கொடுக்க மறந்துவிடுகிறாள். மறதியா என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் யோருன் என் கடைக்கு வந்து பெண்கள் கையுறை கேட்டாள். நிறத்தைப் பார்க்கவில்லை, தையலை இழுக்கவில்லை, விலையைக்கூடக் கேட்கவில்லை. நேராகக் கட்டைவிரலைத் திருப்பித் துவாலைத் துணியை அழுத்திப் பார்த்தாள்.

"இது நல்லா உறிஞ்சுமா?" என்றாள்.

என் வாழ்நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள். குறைத்துத்தான் கொடுத்தேன்.